கம்பத்தடி உப்பு

உடையடி என்கிற ஊரில் ரேடியோப் பெட்டி வாங்கினவர் ஒருவர்கூடக் கிடையாது. வாங்கவேண்டிய அவசியம் வரவில்லை. கடலுக்கு அக்கரையில் இருக்கிற நாட்டுக்கும் அதற்கும் அப்பால் இருக்கிற தீவுகளுக்கும் பாட்டும் செய்தியும் அனுப்பவேண்டும் என்று முடிவு செய்தவர்கள், அந்த ஊர் உப்பளத்தின் நடுவில் அண்ணாந்து பார்த்தால் தலைத்துணி விழுகிற உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் காலடியில் ஒரு கட்டடம் கட்டி, கட்டடத்துக்குள் ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டரை வைத்து ஓடவிட்ட நாளிலிருந்து, ஊரில் முள்வேலிக் கம்பி பாடியது, கிணற்று ராட்டினம் செய்தி வாசித்தது, பள்ளிக்கூடத்துத் தகரக்கூரை வயலின் வாசித்தது. அவ்வளவு சக்தியுள்ள மின்சாரம் பக்கத்தில் நின்றால் இரும்பு பாடத்தான் செய்யும், இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று டூட்டி என்ஜினியர் ஆல்ட்ரின் சொன்னார். ஊரும் சரிதான் என்று ஒப்புக்கொண்டது. அதிசயம் பிறகு உப்பில்தான் வந்தது.

கம்பத்துக்கு நேர் அடியில் ஒரு பாத்தி இருந்தது. கோடைக்காற்று அடிக்கிற நாட்களில் வெயிலில் காய்ந்து உப்பு முற்றின தண்ணீரை அதில் விட்டால், காலையில் கட்டுகிற உப்பு ஏடு வேறு, மதியம் கட்டுகிற ஏடு வேறு, சாயங்காலம் கட்டுகிற ஏடு வேறு. அந்தப் பாத்தி உப்பைப் போட்டுக் குழம்பு வைத்து முதன்முதலாகச் சாப்பிட்டவர் ஊர் டீக்கடைக்காரர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தவர், பெண்டாட்டியைப் பார்த்து, முன்பின் கேட்டறியாத கம்பீரமான குரலில், தென்னையில் குரும்பை உதிர்வதைத் தடுப்பது எப்படி என்று விளக்கத் தொடங்கினார். அவர் வீட்டில் தென்னை கிடையாது. அந்த அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குழம்பில் உப்பு கூடிவிட்டதா என்று மட்டும் கேட்டாள்.

ஏடு கட்டிய நேரத்தில் கம்பத்தில் என்ன போனதோ அது உப்புக்குள் போயிற்று. உப்பைத் தின்றவர் வாயில் அது வந்தது. தண்ணீர் குடித்து உப்பு நாக்கைவிட்டு இறங்குகிறவரை அந்தக் குரலைத் தவிர வேறு குரல் அவருக்கு இல்லை. கம்பம் கண்ணுக்குத் தெரிகிற எல்லைவரைதான் இந்தக் கதை. லாரியேறிப் போய்விட்டால் அது கடையில் கிடைக்கிற உப்புதான். ஆல்ட்ரின் மேலிடத்துக்கு எழுதினார். மண்ணுக்கடியில் போகிற செம்புக் கம்பிகளை யாராவது திருடிவிட்டார்களா என்று பார்க்கும்படி பதில் வந்தது. அவர் பார்த்தார், கம்பிகள் பத்திரமாக இருந்தன, அதற்குப்பிறகு அவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த உப்பையே வாங்கிக்கொண்டார்.

ஊர் எதையும் பழகிக்கொள்ளும். ஒரே கோடைக்குள் உடையடிப் பெண்களுக்கு எந்த உப்பை எதற்குப் போடுவது என்பது கைப்பழக்கமாகிவிட்டது. விடியற்காலை உப்பில் பக்திப்பாட்டு இருந்ததால் அது கோயில் கொடைவிழாப் பொங்கலுக்குப் போயிற்று. எழவு வீட்டுக்கு வயலின் உப்பைத் தவிர எதையும் அனுப்புவதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிற வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் விவசாய நிகழ்ச்சி உப்பில் ஊறுகாய் கொடுத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் இருவருக்கும் மாறிமாறி உரம் பற்றிய யோசனைதான் வந்தது, பாதியில் சிரித்துவிடுவார்கள். அந்தி உப்பு சிங்களம் பேசியது. அதைப் போட்டுக் கருவாடு காயவைத்த ஒரு கிழவர் அர்த்தம் தெரியாமலேயே நாலு பாட்டு பாடப் பழகிக்கொண்டு, ஊரிலேயே படித்தவர் தான்தான் என்று திரிந்தார்.

இந்த ஊரில் உப்பு வாருகிறவளாக இருந்தாள் வெயிலுகந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள் பொன்வடிவு. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும், எறும்பு ஊர்ந்தாலும் கேட்கும். குரல்தான் பிறவியிலேயே இல்லை. அதனால் அவள் கையால் பேசினாள். உப்பளத்தில் அது புதிதும் இல்லை. அங்கே காற்று பேச்சைக் கொண்டுபோய்விடும் என்பதால் வரப்புக்கு வரப்பு எல்லோரும் கையைத் தூக்கித்தான் சேதி சொல்லிக்கொள்வார்கள். தண்ணி விடவா என்று ஒருவர் தூரத்தில் கை நீட்டிக் கேட்பார். வேண்டுமென்றால் இவர் இரண்டு கையாலும் சேற்றை ஒதுக்குவதுபோல ஒதுக்கி, பிறகு தண்ணீரை இழுப்பதுபோல நெஞ்சுப்பக்கம் இழுத்துக் காட்டுவார். இப்படி ஒரு பத்துப் பதினைந்து கைச்சாடைகளோடு வேலை முடிந்துவிடும். பொன்வடிவு அந்தப் பத்துப் பதினைந்திலிருந்து ஒரு பாஷையையே வளர்த்து வைத்திருந்தாள். அதில் கோபம் உண்டு, கேலி உண்டு, மழை வரப்போவதற்கும் மழை பெய்தால் நன்றாக இருக்குமே என்பதற்கும் தனித்தனிச் சாடை உண்டு.

கேட்கத்தான் ஆளில்லை. வெயிலுகந்தாளுக்கு மகள்மேல் உயிர். ஆனால் மகள் கையைத் தூக்குவதற்குள் அவள் வாய் முந்திக்கொள்ளும். “பசிக்குதுங்கா, சோறு போடணும்”, “அவளுக்கு இந்தச் சேல பிடிக்கலயாம்”, “தலவலிக்குதாம் பிள்ளைக்கு” என்று எல்லோரிடமும் மகளுக்காக இவளே பேசிவிடுவாள். பாதிநேரம் மகள் சொல்லவந்தது வேறாக இருக்கும். பொன்வடிவு தூக்கிய கையை மெல்லக் கீழே போட்டுவிடுவாள்.

உப்பு பேசத் தொடங்கிய கோடையில் ஒருநாள் மத்தியானம் வெயிலுகந்தாள் ஒரு சிட்டிகையை எடுத்துவந்து மகளின் நாக்கில் வைத்தாள். அது மாதர் நிகழ்ச்சி நேரத்து உப்பு. பொன்வடிவு வாயைத் திறந்தாள். தேனில் முக்கி எடுத்ததுபோல ஒரு பெண்குரல், “நேயர்கள் அனைவருக்கும் அன்பான வணக்கம்” என்றது.

வெயிலுகந்தாள் உப்பை இழுத்துச் சேர்க்கிற வாருபலகையைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். “எம் மவ பேசுதா, எல்லாரும் வாங்கட்டீ, எம் மவ பேசிட்டா” என்று அவள் போட்ட சத்தத்தில் உப்பளமே கூடிவிட்டது. பொன்வடிவு அம்மாவையே பார்த்துக்கொண்டு, புளிசேர்க்காமல் ரசம் வைக்கும் முறையைச் சொல்லி முடித்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

அன்றைக்கே வெயிலுகந்தாள் மனதில் கல்யாணக்கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. பிள்ளைக்குப் பேச்சில்லை என்று இதுவரை வந்த வரனெல்லாம் வாசலோடு போயிருந்தது. தரகரிடம், பொண்ணு கொஞ்சம் அதிகம் பேசாது, அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினாள். தரகர் செந்தட்டிவிளையில் ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். பேர் கொம்பையா. மேலத்தளத்து உப்பளங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புசெட் அவன் பொறுப்பு. அந்த ஊர், கம்பத்தின் பார்வைக்கு வெளியே இருந்ததால் அவர்களுக்கு இந்த உப்புச் சமாசாரம் அரைகுறையாகத்தான் தெரியும், அதையும் அவர்கள் நம்பியிருக்கவில்லை.

பெண்பார்க்க வருகிற நாளுக்கு முந்தின நாள், சூரியன் உச்சிக்கு வந்ததும் வெயிலுகந்தாள் போய் மாதர் நிகழ்ச்சி ஏட்டை வழித்து வந்தாள். உப்பளத்துக்காரர்கள் வெயிலைப் பார்த்துத்தான் நேரம் சொல்வார்கள். வேலிக் கம்பி என்ன பாடுகிறது என்று கேட்டுவிட்டு வழித்திருக்கலாம். ஆனால் தினமும் கேட்கிற சத்தத்தை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? அன்றைக்குக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவாகி, மாதர் நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டு எச்சரிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அந்த உப்பில் ஒரு சிட்டிகையை மகளின் நாக்கில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள், மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கொம்பையா தரைப்பாயில் ஒதுங்கி உட்கார்ந்தான். அவன் அம்மா பொன்வடிவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். வெயிலுகந்தாள் மகளின் மறுபக்கம் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, பிள்ளை பழக்கத்தில் கையாட்டிக் காரியத்தைக் கெடுத்துவிடக்கூடாதே என்று, முந்தானைக்குக் கீழே அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏளா, உம் பேரு என்ன?” என்று கேட்டாள் கொம்பையாவின் அம்மா.

பொன்வடிவு வாயைத் திறந்தாள். கட்டையான ஆண்குரல் ஒன்று வீட்டை நிறைத்தது. “தென்மேற்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வலுப்பெற்றுக் கரையை நோக்கி நகர்ந்து வருகிறது.”

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. ஏதோ தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து, “சமையல் நல்லா வைப்பியாட்டி?” என்றாள்.

“கடல் கொந்தளிப்புடன் காணப்படும். மறு அறிவிப்பு வரும்வரை மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

கொம்பையா சிரித்தான். கிண்டலாகச் சிரிக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். “யம்மா, நம்மள எச்சரிச்சி விடுதா பாத்தியா! நான் என்னைக்குக் கடலுக்குப் போனேன், பம்புசெட்டுலல்லா கெடக்கேன்” என்றான். பொன்வடிவும் அவனைப் பார்த்துச் சத்தமில்லாமல் சிரித்தாள். அவள் கை இரண்டும் அம்மாவின் பிடிக்குள் துள்ளின. வெயிலுகந்தாள் இன்னும் இறுக்கினாள்.

கொம்பையாவின் அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். “பொண்ணுக்குப் பேச்சு வராதுன்னு சொல்லியிருந்தா அது ஒரு மாதிரி. இப்படிப் பொய் சொல்லிக் கூப்பிட்டு வச்சி அசிங்கப்படுத்தணுமா மைனி?” என்றாள். அவர்கள் போனதும் வெயிலுகந்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகள் முன்னால் வந்து நின்று கையைத் தூக்கியபோது, “ஒண்ணும் சொல்லாண்டாம், எனக்குத் தெரியும், உனக்கு அவியளப் பிடிக்கல” என்று சொல்லிவிட்டு, அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதற்குள் தானே முந்திக்கொண்டு, பொண்ணுக்கு இஷ்டமில்லை என்று தரகரிடம் சொல்லிவிட்டாள். பொன்வடிவு அந்த இரவு சாப்பிடவில்லை. புயல் வழக்கம்போல வேறு ஊருக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கம்பம் ஊமையானது. நகரத்தில் சாலை போடுவதற்காகத் தோண்டினவர்கள், ஸ்டுடியோவிலிருந்து பாட்டும் செய்தியும் வருகிற லைனை அறுத்துவிட்டார்கள். பேசவேண்டியது எதுவும் வந்து சேரவில்லை. ஆனாலும் ஆல்ட்ரின் டிரான்ஸ்மிட்டரை நிறுத்தவில்லை. நிறுத்திவைத்தால் உப்புக்காற்றின் ஈரம் உள்ளே இறங்கிவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் அந்தப் பெரிய கம்பம் முழுச் சக்தியோடும் நின்று, அக்கரை நாட்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கும் மௌனத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. வேலி பாடவில்லை. ராட்டினம் வெறும் ராட்டினமாகக் கிரீச்சிட்டது. பாத்தியில் மட்டும் ஏடு கட்டியது, அதுவரை கண்டிராத வெள்ளையில், கல்கண்டுபோலப் பெரிய பெரிய மணியாக.

அழகான உப்பை யார் விடுவார்கள்? எல்லா வீட்டிலும் அள்ளிப் போட்டு ஆக்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உடையடியில் ஒருவர்க்கும் குரல் இல்லை; எவ்வளவு தண்ணீர் குடித்தும் இந்த உப்பு நாக்கைவிட்டு இறங்கவில்லை. டீக்கடைக்காரர் கடன் கேட்க வாயைத் திறந்து வெறுங்காற்றை விட்டார். உப்பளத்துக் கங்காணி திட்டுவதற்காக மூச்சைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்தி, அப்படியே நின்று, வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார். வேலை நேரத்தில் ஒன்றும் சிரமமில்லை, வரப்புச் சாடைகள் இருந்தன. வீட்டுக்கு வந்த பிறகுதான் திண்டாட்டம். தண்ணி விடு, பலகையைக் கொண்டா என்பதற்கெல்லாம் சாடை தெரியும்; கோபமா என்று கேட்கவும், மன்னித்துக்கொள் என்று சொல்லவும், இந்த மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஊருக்குப் பொன்வடிவு நினைவுக்கு வந்தாள். ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். தவறாகக் காட்டினவர்களைச் சரியாகக் கேலி செய்தாள். கங்காணிக்கு அன்பு என்பதற்கான சாடை வரவே இல்லை, அவர் எப்படிக் காட்டினாலும் அது மூட்டை தூக்கு என்பதுபோலவே இருந்தது, கடைசியில் அவர் பெண்டாட்டி அது போதும் என்று கையைக் காட்டிக் கூட்டிப்போனாள். கடைத்தெருவில் பாக்கெட் உப்பு இருக்கத்தான் செய்தது. வாங்கினால் குரல் வந்துவிடும். ஆனாலும் யாரும் வாங்க அவசரப்படவில்லை. ஒருவர் சொல்லி முடிக்கிறவரை மற்றவர் அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்ததில் ஏதோ ஒரு சுகம் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

வெயிலுகந்தாளும் அந்த உப்பைத்தான் தின்றிருந்தாள். சாயங்காலம் வரப்பில் அம்மாவும் மகளும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பொன்வடிவு கையைத் தூக்கினாள். வெயிலுகந்தாளின் வாய் பழக்கத்தில் திறந்தது, ஒன்றும் வரவில்லை, மூடிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவள் மகளின் கைகளைப் பார்த்தாள்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது, என்றாள் பொன்வடிவு.

வெயிலுகந்தாள் புரியாமல் பார்த்தாள்.

அந்தப் பம்புசெட்டுக்காரரை. நான் பேசினதைக் கேட்டு அவர் பயப்படவில்லை, சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. இது என் குரல் இல்லை, எனக்குக் குரலே இல்லை, இருந்தாலும் பரவாயில்லையா என்று நான் கேட்க நினைத்தேன். நீ என் கையைப் பிடித்திருந்தாய்.

உனக்காகத்தானடீ என்று சொல்ல வெயிலுகந்தாளின் நெஞ்சு துடித்தது. சொல்ல வாயில்லை. மகளின் கைகள் நிற்கவில்லை, எத்தனையோ வருஷம் பாதியில் நின்றவை எல்லாம் சேர்ந்து வருவதுபோல வந்துகொண்டே இருந்தன.

கம்பத்துக் குரல் என் வாயில் வந்தபோது என் மகள் பேசிவிட்டாள் என்று ஊரைக் கூட்டி அழுதாயே அம்மா. நான் சின்னப்பிள்ளையிலிருந்து உன்னிடம் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெயிலுகந்தாள் அழுதாள். சத்தம் போட்டு அழுதே பழக்கப்பட்டவளுக்குச் சத்தமில்லாத அழுகை தாங்கமுடியாததாக இருந்தது. நடுவில் புகுந்து ஆறுதல் சொல்லவோ மறுத்துப் பேசவோ வழியில்லாமல், மகள் சொன்ன எல்லாவற்றையும், வெளிச்சம் போய்க் கை தெரியாமல் ஆகிறவரை, அவள் கேட்டாள்.

லைன் சரியாகிவிட்டது. வேலி பக்திப்பாட்டுப் பாடத் தொடங்கியது. ஊருக்குக் குரல் திரும்பியது, வெயிலுகந்தாளுக்கும் திரும்பியது. திரும்பிய குரலை வைத்துக்கொண்டு அவள் முதலில் செய்தது, கொம்பையாவிடம் போய்ச் சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததுதான். சொல்லிப் பார்த்தபோதே ரெண்டு இடத்தில் பொய் வந்துவிட்டது. அவளுக்கே தன் வாய்மேல் பயம் பிடித்தது. மீதியிருந்த வெள்ளை உப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மகளைக் கூட்டிக்கொண்டு மேலத்தளத்துக்கு நடந்தாள்.

கம்பத்தின் உச்சி கண்ணுக்குத் தெரிகிற கடைசி இடம் அந்தப் பம்புசெட்தான். கொம்பையா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கஞ்சி கொண்டுவந்திருந்த அம்மா பக்கத்தில் நின்றாள். தூரத்தில் இவர்களைப் பார்த்ததுமே அவள் முகம் சுண்டிவிட்டது. வெயிலுகந்தாள் முடிச்சை அவிழ்த்து, அந்த உப்புக்கல்லை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“பொண்ணுக்கு இஷ்டமில்லன்னுல்லா சொல்லியனுப்புனிய?” என்றான் கொம்பையா எழுந்து. குரலில் வருத்தம் இருந்தது.

“இப்ப எதுக்கு வந்திருக்கிய? என்னதான் சொல்லுதா உம் மவ?” என்று அவன் அம்மா வெயிலுகந்தாளைப் பார்த்துக் கேட்டாள்.

மகள் பிறந்ததிலிருந்து இந்தக் கேள்விக்கு அவளுக்காகப் பதில் சொல்லிவந்தவள் வெயிலுகந்தாள். அவள் இப்போது வாயைத் திறந்து உள்ளே குரல் இல்லை என்று காட்டினாள். பிறகு ஒதுங்கி நின்று மகளைக் காட்டினாள்.

பொன்வடிவு கைகளைத் தூக்கினாள். தனக்குக் குரல் கிடையாது என்றாள். அன்றைக்குப் பேசினது கம்பம் என்றாள். அம்மா பயந்துபோய்ப் பொய் சொல்லிவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ளவேண்டாம் என்றாள். நாள் முழுக்கத் தூரத்துக் கைகளைப் பார்த்தே மோட்டார் போடுகிறவனுக்கு இதில் பாதிக்குமேல் புரிந்தது. கொம்பையாவின் அம்மாவும் உப்பளத்துக்காரிதான், முதுகு வளைகிறவரை வாருபலகை இழுத்தவள்தான். அவள் உப்பில் வெடித்து ஆறிய தன் பழைய கையை மெல்லத் தூக்கி, வரப்பிலிருந்து வரப்புக்குக் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

தண்ணி விடவா?

பொன்வடிவு இரண்டு கையாலும் சேற்றை ஒதுக்கினாள். பிறகு தண்ணீரை நெஞ்சுப்பக்கம் இழுத்தாள்.

அந்தச் சாடையைப் பார்த்தால் கொம்பையாவின் கால் தானாக ஓடும். ஓடினான். உள்ளே போய் மோட்டாரைப் போட்டுவிட்டான். “எல, உன்ன எவம்ல மோட்டாரப் போடச் சொன்னான்!” என்று அவன் அம்மா கத்தினாள், கத்திக்கொண்டே சிரித்தாள். அசடு வழிய அவன் வெளியே வந்து நின்றபோது காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து எல்லோருடைய காலையும் நனைத்தது. பொன்வடிவு தண்ணீருக்குள் நின்றபடி அவனிடம் என்னவோ சொன்னாள், அவன் எதையோ திருப்பித் தப்பாகக் காட்டினான், அவள் அவனைத் திருத்தினாள்.

வெயிலுகந்தாளுக்கு மனம் நிறைந்து வழிந்தது. சந்தோஷம் தாங்காமல் மகளின் கையைப் பிடித்துக்கொள்ள எட்டிப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பொன்வடிவு இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.